பூங்கோரை முதல் எண்ணெய் தின்னும் பாக்டீரியா வரை: கடல் நுண்ணுயிர்கள் குறித்த கேள்வி-பதில்

ஒரு தேக்கரண்டிக் கடல்நீரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருப்பதாக எங்கள் ஆசிரியர் கூறினார். உண்மையா? (பள்ளி மாணவி, நாகப்பட்டினம்)

உங்கள் ஆசிரியர் குறைத்தே சொல்லியிருக்கிறார். மேற்பரப்பில் எடுத்த ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். ஆக, ஒரு தேக்கரண்டியில் 50 லட்சம். இவ்வளவு பெரிய கூட்டம் வெகுகாலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டுகளில் வளர மறுப்பதுதான். கடல்நீரில் உள்ள மரபணுக்களை நேரடியாகப் படிக்கத் தொடங்கிய பிறகே, 1990-இல் சார்11 என்ற குழு அடையாளம் காணப்பட்டது. மேலடுக்கில் மிதக்கும் செல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இக்குழுவைச் சேர்ந்தது. அதை வளர்க்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சத்து மிகுந்த ஊடகத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ வெறும் கடல்நீரிலேயே வளர்த்தபோதுதான் அது பெருகியது.

எங்கள் பகுதியில் சில ஆண்டுகளில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்குகின்றன. பூங்கோரை விஷமா? (மீனவர், பாம்பன்)

நீங்கள் பூங்கோரை என்று அழைக்கும் அந்தப் பச்சைப் படலம், மன்னார் வளைகுடாவில் பெரும்பாலும் நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரியின் பெருக்கமாகும். நுண்ணுயிர் என்று பெயர் பெற்றாலும் இது வெறும் கண்ணுக்கே தெரியும். கண்ணாடிப் பாட்டிலில் அந்த நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், வேகவைத்த ஜவ்வரிசியை ஊசிமுனையளவுக்குச் சுருக்கியதைப் போன்ற பசிய உருண்டைகள் மேலெழும்பி மிதப்பதைக் காணலாம். அந்தப் பச்சை நிறம் நாக்டிலூகாவினுடையது அன்று. அதன் உடலுக்குள் நீந்திக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் ஆயிரக்கணக்கான சிறு பாசிகளின் நிறம் அது. உள்ளே பாசி உணவு தயாரிக்க, வெளியே நாக்டிலூகா பிற மிதவைப் பாசிகளையும் மீன் முட்டைகளையும்கூட விழுங்குவதால், இரட்டை வருவாய் உள்ள குடும்பம்போல் அது மளமளவென்று பெருகுகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாய் ஒளிர்ந்ததற்கும், அடுத்த மாதம் உங்கள் கடலில் மீன்கள் மடிந்ததற்கும் இந்த நாக்டிலூகாவையே காரணமாகக் கூறினார்கள்.

மீன்கள் சாவதற்கு முதன்மைக் காரணம் மூச்சுத் திணறல். படலம் மடிந்து மூழ்கும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன; கூடவே, நாக்டிலூகாவின் உடலில் சேர்ந்திருந்த அம்மோனியாவும் நீரில் கலக்கிறது. பாறையிடுக்குகளில் வாழும் மீன்கள் விலகிப் போக வழியின்றி முதலில் மாட்டிக்கொள்கின்றன. எல்லாப் பூங்கோரையும் நாக்டிலூகா என்று சொல்லிவிட முடியாது, நச்சு சுரக்கும் பாசிகளும் உண்டு என்பதால், செத்து ஒதுங்கிய மீனை விற்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறதாமே? (திருச்சி)

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது என்பது சரி. அதைச் செய்யும் மிதவைப் பாசிகளின் மொத்த எடை, உலகத் தாவரங்களின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான் இதில் வியப்பு. 1988-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 1,600-க்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். வெப்பக் கடல்களில் அது ஏறக்குறைய நாளுக்கொருமுறை இரண்டாகப் பிரிகிறது, அதே வேகத்தில் தின்னவும் படுகிறது. கடலின் வலிமை இருப்பில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. நம் மூச்சிலுள்ளது, மட்காமல் வண்டலில் புதைந்த பாசி உடல்களின் சிறு மிச்சத்தின் பயனாகப் பல கோடி ஆண்டுகளாய்ச் சேர்ந்த சேமிப்பு.

கடலில் வைரஸ்கள் நிறைந்துள்ளன என்று படித்தேன். குளிக்கலாமா? (புதுச்சேரி)

குளிக்கலாம். பாக்டீரியாக்களைவிடப் பத்து மடங்கு வைரஸ்கள் அங்கே இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாக்களை மட்டுமே தாக்குபவை. மேலடுக்கு நுண்ணுயிர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை அன்றாடம் உடைத்து, உள்ளிருக்கும் சத்துக்களை மற்றவற்றுக்குத் திருப்பித் தருகின்றன. சாக்கடை கலக்கும் இடங்களையும், ஆறாத புண்ணோடு கடலில் இறங்குவதையும் தவிர்த்தால் போதும்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களை எண்ணூர் முகத்துவாரத்தில் தூவிச் சுத்தம் செய்திருக்க முடியாதா? (சென்னை)

2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய அந்த எண்ணெய்க்குப் பிறகு பலரும் கேட்ட கேள்வி இது. அல்கனிவோராக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொள்பவை. கடலில் எப்போதும் சிறு எண்ணிக்கையில் இருந்துகொண்டு, எண்ணெய் கிடைத்தவுடன் தாமே பெருகுகின்றன. எனவே விதை போடுவதால் பெரிய பயன் இராது. எண்ணெயில் கார்பன் ஏராளமாக இருந்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அநேகமாக இல்லை. அவை நீரில் இருக்கும் அளவே வேலையின் வேகத்தை முடிவுசெய்கிறது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் விரல் நுழைத்துப் பார்த்தால், சிறிது ஆழத்திலேயே கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்கில் இறங்கிவிட்ட எண்ணெயைப் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே சிதைக்க முடியும் என்பதால், அது சேற்றை அடையும் முன்பே மிதவைத் தடுப்புகளால் மறித்து அள்ளியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.