தண்ணீர் கலந்தால் ஆசிட் மார்பிளை விட்டுவிடுமா?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு, போர் தண்ணீர்தான். குளியலறை மார்பிள் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படிந்திருக்கிறது. தெருவில் வண்டியில் ஆசிட் விற்பவர், "ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், கல்லுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். அதை வாங்கலாமா, கடையில் விற்கும் டாய்லெட் கிளீனரே போதுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். மார்பிளும் அதேதான். கறையைக் கரைக்கிற ஆசிட் கல்லையும் கரைக்கும். இது கறை, இது தரை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

தண்ணீர் கலந்தால் வேகம் குறையும் என்பது உண்மைதான். வண்டியில் பெரும்பாலும் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு பாதியானால், கல் கரையும் வேகமும் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் மொத்தம் எவ்வளவு கல் கரையும் என்பது, நீங்கள் ஊற்றிய ஆசிட்டின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் 30 சதவீத ஆசிட்டுக்குச் சுமார் 470 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும் சக்தி உண்டு. அதில் பத்து லிட்டர் தண்ணீரைக் கலந்தாலும் அந்தச் சக்தி எங்கேயும் போகாது. தரையில் ஊறவிட்டால் மெதுவாக அத்தனையையும் அரித்துவிட்டுத்தான் ஓயும். டாய்லெட் கிளீனர்களில் பலவற்றில் இருப்பதும் இதே அமிலம்தான், சுமார் 10 சதவீதம். பீங்கானுக்கு அது சரி, மார்பிளுக்கு ஆகாது.

மார்பிள் கெடுவதற்கு அவ்வளவு அரிக்கவும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிய மார்பிள் துண்டு இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக மங்கியிருக்கும். அது கறை இல்லை, பாலிஷே போன இடம். மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். கடையில் 'சீலர்' அடிக்கச் சொல்வார்கள். அது எண்ணெய், காபி உள்ளே இறங்காமல் காக்கும். அமில அரிப்பைத் தடுக்காது.

அப்படியானால் எதை வாங்குவது? லேபிளில் 'பிஎச் நியூட்ரல்' (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்றும், மார்பிளுக்கு ஏற்றது என்றும் போட்டிருக்கும் ஸ்டோன் கிளீனர். அது அன்றாட அழுக்குக்குத்தான். படிந்த உப்பைக் கரைக்காது. அந்த உப்பை ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுக்க வேண்டும். தடிப்பாக இருந்தால் பாலிஷ் போடுபவரைக் கூப்பிடுவதே மேல். அப்புறம், குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். தண்ணீர் தேங்கிக் காய்ந்தால்தான் உப்பு படியும்.

வண்டி ஆசிட்டை டைல்ஸுக்குக்கூட நான் வாங்கச் சொல்லமாட்டேன். லேபிள் இல்லாத பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. இடுக்குகளில் உள்ள சிமென்டையும் அது அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. 2013-இல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, விவரத்தைப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. வண்டியில் அப்படி எழுதி வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா?

சமையலறையில் கடப்பா கல் போட்டிருந்தால் அதற்கும் இதே கதைதான். கறுப்பாக இருப்பதால் பலர் கிரானைட் என்று நினைக்கிறார்கள், அதுவும் சுண்ணாம்புக்கல்தான். புதிதாகக் கல் வாங்கும்போது கடையில் ஒரு துண்டு கேட்டு, அதே எலுமிச்சைச் சோதனையைச் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். கிரானைட் என்று சொல்லிச் சுண்ணாம்புக்கல்லை விற்றிருந்தால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.