சிலிக்கோன் ரெசின்: குளோரினை விட்டுத் தப்ப முடியுமா?

கேள்வி: சார், சிலிக்கோன் ரெசின் (சூடு தாங்கும் பூச்சுகளுக்கான பிசின்) ஆலையில் அவ்வளவு அமிலம் எங்கிருந்து வருகிறது?

பதில்: மூலப்பொருளிலிருந்தேதான். சிலிக்கனில் ஒரு மெத்திலும் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) மூன்று குளோரினும் ஒட்டிய மெத்தில் ட்ரைகுளோரோசிலேன் தண்ணீரைத் தொட்டதும் மூன்று குளோரினும் கழன்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1 கிலோவுக்குச் சுமார் 730 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு, ரெசினோ 450 கிராம்தான்! அப்புறம் டொலுவீன் என்ற கரைப்பானில் கரைந்திருக்கும் ரெசினை அமிலம் போகும்வரை தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருக்க வேண்டும், கழிவுநீர் பெருகுவது அங்கேதான். பெரிய ஆலைகள் அந்த அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து மெத்தில் குளோரைடாக்கி மறுபடி பயன்படுத்திக்கொள்கின்றன, சின்ன ஆலைக்கு அது கட்டுபடியாகாது.

கேள்வி: குளோரின் இருக்கும் இடத்தில் ஆல்கஹால் பகுதி ஒட்டிய ஆல்காக்ஸி சிலேனுக்கு மாறினால்?

பதில்: மாறலாம், மாறவும் வேண்டும். மெத்தில் ட்ரைஎத்தாக்ஸிசிலேன் எடுத்தால் அமிலத்துக்குப் பதில் எத்தனால் வரும், வடித்து எடுத்துக்கொள்ளலாம். மெத்தாக்ஸி வகை இன்னும் வேகம், ஆனால் வெளியேறுவது மெத்தனால், உள்ளே போனால் கண்ணைப் பறித்துவிடும். வினையூக்கியாக அமில வகை அயனிப் பரிமாற்ற மணிகளைப் போட்டால் வடிகட்டினாலே போதும், நடுநிலையாக்குகிறேன் என்று உப்புக் கழிவைச் சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்போது டப்பாவில் 'குளோரின் இல்லாதது' என்று அச்சடிக்கலாமா?

பதில்: எனக்கு மனசு ஒப்பாது. அந்த ஆல்காக்ஸி சிலேனையே பெரும்பாலும் குளோரோசிலேனோடு ஆல்கஹால் சேர்த்துத்தான் செய்கிறார்கள். சிலிக்கனில் மெத்தில் ஒட்டுவது 1940இல் அமெரிக்க வேதியியலாளர் ரோக்கோவ் கண்டுபிடித்த வழியில்தான்: சிலிக்கன், மெத்தில் குளோரைடு, செம்பு, ஏறக்குறைய 300 டிகிரி. அதற்கும் முன்னால் குவார்ட்ஸைக் கரியோடு மின் உலையில் உருக்கி 1 கிலோ சிலிக்கன் எடுக்க 11 முதல் 13 யூனிட் மின்சாரம். உங்கள் ஆலை வாசலுக்குள் குளோரின் வரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: உமிச் சாம்பலில் செய்யலாம் என்கிறார்களே அண்ணா?

பதில்: நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லெய்ன் குழு அதை டையால் என்ற ஆல்கஹால் வகையில் கரைத்து, சிலிக்கன் உலையே இல்லாமல் ஆல்காக்ஸி சிலேன் எடுத்துக் காட்டியது. அருமையான வேலை. ஆனால் அதில் மெத்தில் கிடையாது, தனியாக உலர்த்தினால் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். மெத்திலுக்கு மறுபடி ரோக்கோவிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: லேபில் எத்தாக்ஸி வழியில் முயன்றேன், குடுவைக்குள்ளேயே ஜெல்லாகிவிட்டது.

பதில்: தண்ணீரைக் கொட்டியிருப்பீர்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணையும்போது பாதித் தண்ணீர் திரும்ப வந்துவிடும் என்பதால் 1 கிலோ மெத்தில் ட்ரைஎத்தாக்ஸிசிலேனுக்கு முழுக் கணக்கே 150 கிராம்தான், அதிலும் கொஞ்சம் குறைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். நானும் ஒரு குடுவையை அப்படியே தூக்கிப்போட்டவன்தான். எத்தனால் ஆவி வரும், பக்கத்தில் தீ வேண்டாம்.