படம் சுத்தம், தாடையில் மட்டும் வலி

கே: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மாதந்தோறும் ஜோலெட்ரானிக் அமிலம் ஏற்றிக்கொள்கிறேன். கீழ்த்தாடையில் எலும்பு வெளியே தெரிகிறது. வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. எலும்பு கரையாமல் இருக்கப் போடும் இந்த மருந்து சிலருக்குத் தாடை எலும்பைச் சாகடித்துவிடும்; உங்களுக்கு வெளியே தெரிவது அப்படிச் செத்த எலும்பாக இருக்கலாம். செத்த எலும்பு வலிக்காது. கிருமி புகுந்து சுற்றிலும் சீழ் கட்டினால்தான் வலிக்கும். இப்போது இருப்பது அந்தச் சேதத்தின் முதல் நிலை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கொப்பளியுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். நாக்கில் உரசும் முனையை நகவெட்டியால் நறுக்க முயலாதீர்கள்.

கே: ஆறு மாதமாகத் தாடையில் மந்தமான வலி. ஓ.பி.ஜி. (இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) எடுத்து, படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று பற்களுக்கு வேர் சிகிச்சை ஆயிற்று, இரண்டைப் பிடுங்கியும் ஆயிற்று. (பி.கு.: எலும்புப்புரைக்கு ஆண்டுக்கொரு ஊசி நான்கு வருடமாகப் போடுகிறேன்.)

இது பின்குறிப்பில் எழுதுகிற சங்கதியா? 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் ஒப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி ஒருவர் நினைவிலும் இருப்பதில்லை. அதைத் தோண்டிக் கேட்காமல் இடுக்கியைக் கையில் எடுக்கும் மருத்துவர்கள் மீது எனக்கு இதைவிடக் கோபம் உண்டு. அந்த ஊசி போட்டவருக்குப் பல் பிடுங்குவதே, தாடை எலும்பு சாகும் இந்தச் சேதத்தைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணம். வலிக்கு வைத்தியம் என்று செய்தது வினையாகிவிடும்.

'படத்தில் ஒன்றுமில்லை' என்பதையும் நம்பி உட்காராதீர்கள். எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது, சில சமயம் பாதி, கரைந்த பிறகே ஓ.பி.ஜி.யில் தெரியும். பல் வேரைச் சுற்றிய வெண்கோடு தடித்திருக்கிறதா, எலும்பு வெளுத்து இறுகியிருக்கிறதா, பிடுங்கிய குழி மாதங்கள் கழித்தும் தூர்ந்துபோகாமல் கறுப்பாகவே நிற்கிறதா என்று அறிந்தவர் பார்க்க வேண்டும். பிரிந்து கிடக்கும் செத்த துண்டு, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேனில் துலங்கும், மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டும். எலும்பு வெளிப்படாமல் வலி மட்டும் இருப்பது பூஜ்ய நிலையாக இருக்கலாம். சைனஸ், தாடை மூட்டு போன்ற வேறு காரணங்களும் உண்டு. பிடுங்கிய குழிகள் ஆறினவா என்று நீங்கள் எழுதவே இல்லை. எட்டு வாரம் தாண்டியும் எலும்பு தெரிந்தால் வாய்-முக அறுவை மருத்துவரிடம் போங்கள். அதுவரை மூன்றாவது பல்லை யாரும் தொட வேண்டாம்.

கே: எக்ஸ்ரேயை மொபைலில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த நிலை?

அதில் தெளிவாகத் தெரிவது உங்கள் கட்டைவிரல் ஒன்றுதான். வாயைத் திறந்து பார்க்காமல் நிலை சொல்ல முடியாது. மருந்தின் பெயரும் இல்லை. மருந்தின் பெயரை எழுதுங்கள்.

கே: புற்றுநோய்க்காக இதே வகை எலும்பு ஊசி போட்டுக்கொள்ளும் என் அப்பாவுக்குக் கீழ் உதடு மரத்துப்போகிறது. வலி குறைந்திருக்கிறது, நல்லதுதானே?

இல்லை. தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபடுகிறது. தாடையிலும் புற்று பரவியிருக்கலாம். இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள்.

கே: பல் பிடுங்க வேண்டும் என்பதால் எலும்புப்புரைக்கான டெனோசுமாப் ஊசியை நிறுத்திவிட்டேன். சரியா?

தவறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய அந்த ஊசி தள்ளிப்போனால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். எலும்புப்புரைக்குப் போடுபவர்களில் தாடைச் சேதம் ஆயிரத்தில் இரண்டு மூன்று பேரைத் தாண்டாது. ஊசி எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி, இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ஒரு நாள் குறிக்கட்டும். இன்றே இருவருக்கும் சொல்லுங்கள், ஊசியின் பெயரோடும் கடைசியாகப் போட்ட தேதியோடும்.