வாட்டர்லூ போர்க்களத்தைப் பார்க்க வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டுமா?

அங்கே நினைவுச்சின்னமாக எழுப்பிய சிங்க மேட்டில் ஏறி ஒரு போட்டோ எடுத்தால் போதும் என்றால் தேவையில்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே உள்ள அந்த மேட்டுக்கு 226 படிகள். மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் 1815 ஜூன் 18 அன்று நடந்த சண்டை புரிய வேண்டுமென்றால் சொல்லித்தர ஆள் வேண்டும்.

ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது வெறும் வயல்வெளி. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை ஒரு நீண்ட மேட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தியிருந்தார். நெப்போலியனின் பீரங்கிக்காரர்களால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. பிறகு சிங்க மேட்டை எழுப்ப அந்த இடத்திலிருந்தே மண்ணை வெட்டினார்கள். 1826இல் வேலை முடிந்தபோது நிலத்தின் அமைப்பே மாறிவிட்டது. நினைவுச்சின்னம் கட்டப்போய்க் களத்தைச் சிதைத்த கதை! இன்று வெலிங்டனின் அந்தத் தந்திரம் வெறுமனே பார்த்தால் பிடிபடாது.

நேரம் குறைவா? வெலிங்டனின் வீரர்கள் காத்து நின்ற ஊகுமோன் பண்ணையைத் தவறவிடாதீர்கள். அதன் வடக்கு வாசலில் பிரெஞ்சு வீரர்கள் புகுந்ததையும், உள்ளிருந்தவர்கள் கதவைத் தள்ளி மூடியதையும் அங்கேயே நின்று கேட்க வேண்டும். சண்டை நடந்த இன்னொரு பண்ணையான லா ஹே சேந்த் தனியார் சொத்து. வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

அப்புறம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு மழையில் ஊறிய சேறு இறுகட்டும் என்று நெப்போலியனே முற்பகல்வரை காத்திருந்த மண் அது.