யாருக்கு நடுநிலை?

கேள்வி: கவுன்சலிங் அறைக்குள் சாதி, பாலினம், ஒடுக்குமுறை என்று அரசியலை ஏன் இழுக்க வேண்டும்? ஆலோசகர் நடுநிலையாக இருந்தால் போதாதா?
(பெயர் வேண்டாம் என்ற மனநல ஆலோசகர், சேலம்)

பதில்: நீங்கள் இழுக்கவே வேண்டாம். வருகிறவரோடு சேர்ந்து அதுவும் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

என் நண்பரின் மகள் ஆராய்ச்சி மாணவி. விடுதியில் அவள் தட்டை மட்டும் மற்றவர்கள் தட்டோடு சேர்க்காமல் ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைப்பார்களாம். தூக்கம் போய், சோறு இறங்காமல் ஓர் ஆலோசகரிடம் போனாள். இரண்டு சந்திப்பு வேறு ஏதேதோ பேசிவிட்டு, மூன்றாவதில்தான் தைரியம் வந்து தட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "இந்தக் காலத்துல யாரும்மா சாதி பார்க்கிறாங்க? நீயா மனசுல எதையோ வச்சுக்கிட்டுப் பார்க்கிறே" என்றாராம். தட்டை ஒதுக்கியவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான்காவது சந்திப்புக்கு அவள் போகவில்லை. இதற்குப் பெயர் நடுநிலையா?

உங்களைவிட நடுநிலைக்குக் கட்டுப்பட்டவர் நீதிபதி. ஒருவரை ஒருவர் காதலித்து, வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், நாங்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்பு வேண்டும் என்று போட்ட வழக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகப் பதிவு செய்துவிட்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் அந்த ஜூன் மாத உத்தரவை எழுதினார். பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர்மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை, மாற்றுகிறேன் என்று சொல்லி மருத்துவம் பார்ப்பதற்கு அந்த உத்தரவில் தடை போட்டார். அப்படி மருத்துவம் பார்த்தவர்களில் உங்கள் தொழில்காரர்களும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவும் சாதி, மதம், பாலினம், பாலீர்ப்பு, வர்க்கம் என்று பெயர் சொல்லியே பாகுபாடு கூடாது என்கிறது.

சரி, அதற்காக வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். அதே கேள்வியை ஊரெல்லாம் கேட்டு நொந்துபோய்த்தான் உங்களிடம் வருகிறார். அவராகச் சொல்லும்போது நம்புங்கள். என்ன நடந்தது, அப்போது உடம்பு என்ன செய்தது, கூட யார் நின்றார்கள் என்று கேளுங்கள். வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் உட்கார்ந்ததும், போன வாரம் நான் பேசியது தப்பு என்று நீங்களே ஆரம்பியுங்கள்.

நண்பரின் மகள் இன்னும் வேறு யாரிடமும் போகவில்லை. போகச் சொன்னால், "அங்கேயும் தட்டுக் கதையை முதல்லேர்ந்து சொல்லணுமா அங்கிள்?" என்கிறாள்.