முதலீட்டுச் சட்டம், நடுத்தீர்ப்பு: எல்.எல்.எம். படிக்க இப்போதே புறப்படலாமா?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். சட்டமாணிப் பட்டத்தின் இறுதி வருடம். சர்வதேச முதலீட்டுச் சட்டத்திலும் நடுத்தீர்ப்பிலும் எல்.எல்.எம். (சட்ட முதுமாணி) செய்ய ஆசை. கண்டியிலுள்ள ஒரு ஏஜென்சி, வருகிற செப்டெம்பரிலேயே பிரித்தானியாவில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறது. அம்மா நகையை அடகு வைக்கவும், மாமா காணியை ஈடு வைக்கவும் தயார். போகலாமா? எங்கே படிப்பது நல்லது? கொழும்பில் ஒருவரையும் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

பதில்: இந்த செப்டெம்பரில் போக வேண்டாம். அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும், மாமாவின் காணிக்கும் வில்லங்கம் வேண்டாம். இந்தப் படிப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையகத்திலிருந்து இந்தத் துறைக்கு ஆட்கள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

எல்.எல்.எம். பட்டத்தை எந்த நாட்டில் எடுத்தாலும், அதை வைத்து இலங்கை நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது. அதற்கு இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுத வேண்டும், ஒரு சட்டத்தரணியிடம் பயிலுநராக இருக்க வேண்டும், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். இவை முடியாமல் லண்டனில் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறவரிடம் கொழும்பிலுள்ள எந்தச் சட்ட நிறுவனமும் முதலில் கேட்பது, “சட்டத்தரணியாகப் பதிவு செய்துவிட்டீர்களா?” என்றுதான். இல்லை என்றால், அந்த விலையுயர்ந்த பட்டத்தோடு மறுபடியும் சட்டக் கல்லூரிப் பரீட்சை மண்டபத்தில்தான் போய் உட்கார வேண்டிவரும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கு எல்.எல்.எம். கட்டணம் பெரும்பாலும் 20,000 பவுணுக்கும் 35,000 பவுணுக்கும் இடையில் இருக்கும். அறை வாடகை, சாப்பாடு, விசா, சுகாதாரக் கட்டணம் எல்லாம் தனி. பவுணை 400 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும். படிப்பு முடிந்து அங்கேயே வேலை செய்து கடனை அடைக்கலாம் என்று ஏஜென்சியில் சொல்லியிருப்பார்கள். பட்டதாரிகளுக்கான அந்த விசா குறுகிய காலத்துக்குத்தான். அதற்குள் சட்ட வேலை கிடைப்பது, அனுபவமோ அங்குள்ள தொழில் தகுதியோ இல்லாதவருக்கு மிகக் கடினம். கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்து வட்டி கட்டுவதில் அந்தக் காலம் போய்விடும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் கொடுக்கின்றன. கமிஷன் வராத இடத்தின் பெயர், அது எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், அவர்கள் வாயில் வராது.

சரி, இந்தத் துறை என்னதான் செய்கிறது? நடுத்தீர்ப்பு என்றால், நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர்களிடம் பிணக்கைக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்வது. இரண்டு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன: உன் முதலீட்டாளரை நான் பாதுகாப்பேன், என் முதலீட்டாளரை நீ பாதுகாக்க வேண்டும் என்று. அதை ஒரு நாடு மீறியதாக முதலீட்டாளர் கருதினால், அந்த நாட்டின் நீதிமன்றத்தோடு நிற்காமல், சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்தில் அரசுக்கு எதிராகவே நேரடியாக வழக்குப் போடலாம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த இக்சிட் என்ற நிலையம்தான் இதில் பிரதானமானது. இலங்கை 1967இலேயே அதில் சேர்ந்துவிட்டது.

நாடுகளுக்கிடையிலான முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை அடிப்படையாக வைத்து இக்சிட்டில் வந்த முதல் வழக்கே இலங்கைக்கு எதிரானதுதான். மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இருந்த இறால் பண்ணையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987 ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது அது அழிந்தது. அங்கு வேலை செய்த பலர் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி ஒன்று, 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய-இலங்கை ஒப்பந்தத்தைக் காட்டி 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க டொலர் கேட்டது. 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது. அரசாங்கம் என்ன நடந்தாலும் பொறுப்பு என்ற கம்பனியின் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. பண்ணையை அழித்தது யார் என்பதற்கும் போதிய சாட்சி இல்லை என்றது. ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது: பண்ணையில் சந்தேகத்துக்குரியவர்கள் இருந்தால், ஆயுதத்தோடு உள்ளே போவதற்கு முன், அவர்களை வேலையிலிருந்து விலக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கலாமே? ஒத்துழைக்கத் தயார் என்று நிர்வாகம் முன்பே சொல்லியும் இருந்தது. அந்த அளவு கவனம்கூட எடுக்கவில்லை என்பதால் அரசு 4,60,000 டொலரும் வட்டியும் கொடுக்க வேண்டியதாயிற்று.

உலகெங்கும் இந்தத் துறையைப் படிக்கும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே வாசிக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது வேறு விஷயம். பங்குதாரருக்கு நட்டஈடு கேட்க ஒரு மன்றம் இருந்தது. அதே பண்ணையில் உயிரிழந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்த மன்றத்தில் நிற்கவே இடமில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டும்தான் அந்த உரிமையைக் கொடுக்கிறது. இந்தத் துறைக்குள் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். கொழுந்துக்கூடை சுமந்த வீட்டிலிருந்து போகிற உங்களுக்கு இது சீக்கிரம் விளங்கும் என்று நம்புகிறேன். இலங்கைத் தமிழரான பேராசிரியர் எம். சொர்ணராஜா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்தவர், இந்த முறை வெளிநாட்டு மூலதனத்தின் பக்கம் சாய்கிறது என்று பல தசாப்தங்களாக எழுதிவருகிறார். அவரோடு உடன்படாதவர்களும் அவருக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை.

இலங்கைக்கு எதிரான இன்னும் இரண்டு தீர்ப்புகளைத் தேடி வாசியுங்கள். மிஹாலி வழக்கில் (2002) ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன் மின் திட்டமொன்றுக்குச் செலவழித்த பணம் ‘முதலீடு’ ஆகாது என்று அரசு வென்றது. டொய்ச் வங்கி வழக்கில் (2012) அரசு தோற்றது. 2008இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அந்த வங்கியோடு எண்ணெய் விலை தொடர்பாகச் செய்த ஒப்பந்தத்துக்காக 6 கோடி டொலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பானது.

நம்முடைய தோட்டங்களும் இந்த வரலாற்றில் இருக்கின்றன. 1963இல், எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை அரசு எடுத்ததற்கு நட்டஈடு தரவில்லை என்று அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1975இல் காணிச் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தில் பிரித்தானியக் கம்பனிகளின் தேயிலைத் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1978 அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஏற்கப்பட்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு விசேட காப்பு கொடுத்தது. இரண்டு வருடத்தில், இறால் பண்ணை வழக்கில் காட்டப்பட்ட அந்தப் பிரித்தானிய ஒப்பந்தம் வந்தது. 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு முறையும் லயத்தில் இருந்தவர்களுக்குச் சட்டம் என்ன பாதுகாப்புக் கொடுத்தது, கம்பனிக்கு என்ன கொடுத்தது என்று ஒப்பிட்டு எழுதினால் அதுவே ஒரு நல்ல முதுமாணி ஆய்வு. நீங்கள் அதைச் செய்வதென்றால், வாசிக்கும் முதல் ஆளாக நான் இருப்பேன்.

இனி எங்கே படிப்பது. முதலீட்டு வழக்கை மட்டும் தனியாகப் படிக்க வேண்டுமென்றால் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு வருட முதுமாணிப் பாடநெறி இருக்கிறது. ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தின் பாடநெறி வணிக நடுத்தீர்ப்பை, அதாவது வணிக ஒப்பந்தங்களில் வரும் பிணக்குகளைத் தீர்ப்பதை, பற்றியது. ஜெனீவாவில் இரண்டு கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ‘மிட்ஸ்’ சர்வதேசப் பிணக்குத் தீர்வு முழுவதையும் தொட்டுச் செல்கிறது. லண்டன் குயின் மேரியில் 1985இல் தொடங்கிய நடுத்தீர்ப்புப் பள்ளி இருக்கிறது. சிங்கப்பூரிலும் நெதர்லாந்தின் லைடனிலும் நல்ல பாடநெறிகள் உண்டு.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, முதலீடு மட்டும் என்று குறுகிப்போகாமல் வணிக நடுத்தீர்ப்பும் சேர்ந்த பாடநெறியைத்தான். முதலீட்டு ஒப்பந்தங்களே இப்போது ஆட்டம் காண்கின்றன. இந்தியா தன் பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை 2016க்குப் பிறகு முடிவுக்குக் கொண்டுவந்தது. இந்த முறையை எப்படிச் சீர்திருத்துவது என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தகச் சட்ட ஆணைக்குழுவில் 2017இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கைக்கு எதிராக வரும் முதலீட்டு வழக்குகளும் கொஞ்சம்தான். அதை மட்டும் நம்பி வாழ்க்கையை அமைக்க முடியாது.

வணிக நடுத்தீர்ப்பு வேலை இங்கேயே இருக்கிறது. நீங்கள் தினமும் பார்க்கும் மேல் கொத்மலை அணைக்கட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றிப்போன கதையால் எல்லோருக்கும் தெரிந்த உமா ஓயாத் திட்டம், இப்படிப்பட்ட பெரிய நிர்மாண வேலைகளின் ஒப்பந்தங்களில் நடுத்தீர்ப்புப் பிரிவு வழக்கமாக இருக்கும். தேயிலை ஏற்றுமதி ஒப்பந்தங்களிலும் அது வரும். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் கொழும்பில் இவை நடக்கின்றன. வெளிநாட்டில் கிடைத்த நடுத்தீர்ப்பையும் அதே சட்டத்தின் கீழ் இங்கே நிறைவேற்றலாம். வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கை 1962இலிருந்தே இருக்கிறது.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிர்மாணப் பிணக்கு வந்தால் இளம் சட்டத்தரணியின் மேசைக்கு வருவது வாதாடும் வாய்ப்பு அல்ல, பெட்டி பெட்டியாகக் கடிதங்கள்தான். மழையால் வேலை நின்ற நாள், பொறியியலாளர் அறிவித்தல் கொடுத்த நாள், ஒப்பந்தக்காரர் கால நீடிப்புக் கேட்ட நாள், பதில் வந்த நாள் என்று திகதி வாரியாக ஒரு அட்டவணை போட வேண்டும். ஒப்பந்தத்தில் 28 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றிருந்து, அது 31ஆம் நாள் போயிருந்தால் கோரிக்கை முழுவதுமே ஆட்டம் கண்டுவிடலாம். அந்த மூன்று நாளைக் கண்டுபிடிக்கிறவர்தான் அந்த அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறவர். அதற்கு கொழும்பு ஏழில் சொந்தக்காரர் தேவையில்லை. அப்படியொரு அட்டவணையைப் பிழையில்லாமல் இரண்டு முறை போட்டுக் கொடுத்தவரைச் சீனியர்கள் மறப்பதில்லை. அறிமுகங்களால் முதல் கதவு சிலருக்குச் சீக்கிரம் திறக்கிறது என்பதும் உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பயிலுநர் காலத்தை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ முடித்துவிடாமல், நடுத்தீர்ப்பு செய்யும் கொழும்புச் சட்டத்தரணி ஒருவரிடம் செய்யச் சொல்கிறேன். சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அரச சட்டத்தரணிகளை எடுக்கும்போதும் விண்ணப்பியுங்கள். அரசின் பக்கம் நின்று இந்த வழக்குகளைப் பார்க்கும் இடம் அது.

அப்படி இரண்டு, மூன்று வருடம் வேலை செய்த பிறகு புலமைப்பரிசிலுக்குப் போனால் கதையே வேறு. பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்கான கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் கொடுக்கிறது. குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம், கேட்கிறார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இப்போது நீங்கள் விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலிலேயே வெளியே போய்விடுவீர்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் ஆகியவையும் இலங்கையருக்கு உண்டு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் படிப்பு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்துவிடும் என்பதால் திகதிகளை இப்போதே குறித்து வையுங்கள். உப்சாலாவுக்கும் ஸ்டொக்ஹோமுக்கும் சுவீடனின் பொதுவான அரச இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை.

வேலையை விடாமலே படிக்க விரும்பினால் லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எல்.எல்.எம். ஒன்று இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் பணம் கட்டி, ஐந்து வருடம் வரை எடுத்துப் படிக்கலாம். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், தேவையான பாடங்களை முடித்திருந்தால் சான்றிதழோ டிப்ளோமாவோ கையில் இருக்கும். வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இது மோசமான வழி இல்லை.

இறுதி வருடத்தில் இருப்பதால் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வியன்னாவிலும் ஹொங்கொங்கிலும் நடக்கும் விஸ் மாதிரி நடுத்தீர்ப்புப் போட்டிக்கு உங்கள் பீடம் அணி அனுப்புகிறதா என்று கேளுங்கள். அனுப்பாவிட்டால், முதலீட்டு நடுத்தீர்ப்புக்கென்று நடக்கும் எஃப்.டி.ஐ. மாதிரிப் போட்டியின் வழக்குக் கோவையை இணையத்தில் இறக்கி, இரண்டு நண்பர்களோடு ஒரு பக்க வாதத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஆங்கிலம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்பைவிட அது தெளிவாகக் காட்டும். வாசிக்கப் பணம் தேவையில்லை. இட்டாலோ என்ற இணையத்தளத்தில் தீர்ப்புகளும், ஐக்கிய நாடுகளின் அங்டாட் தளத்தில் ஒப்பந்தங்களும் இலவசம். இறால் பண்ணைத் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். கானாவைச் சேர்ந்த நடுவர் அசாந்தே அதில் எழுதிய மாறுபட்ட கருத்தையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டில் எது சரி என்று நாலு பக்கம் எழுதி வைத்தால், பிற்பாடு எழுத்து மாதிரி கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு அதைத் திருத்தி அனுப்பலாம்.

ஏஜென்சிக்கு இன்னும் முற்பணம் கட்டவில்லையென்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், பற்றுச்சீட்டின் பிரதியோடு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு கொடுக்கலாம். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.