பெரும்போகத்துக்கு முன் மண் பரிசோதனை: கமக்காரர் கேட்டவை

புரட்டாதி பிறந்தால் இரணைமடுவுக்குக் கீழேயும் முத்தையன்கட்டுப் பக்கமும் உழவுப் பேச்சுத் தொடங்கிவிடும். மண் எடுத்துக் கொடுக்க நல்ல காலம் அதற்கு முந்திய இந்த இடைவெளிதான். வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் எல்லாருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரையும் பயிரையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

வட்டக்கச்சி, நெல், 3 ஏக்கர்: வயலில் ஒரு இடத்தில் ஒரு கை மண் அள்ளிக் கொடுத்தால் போதாதா? ஏன் பத்து இடத்தில் தோண்டச் சொல்கிறார்கள்?

போதாது அண்ணை. ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணின் எடை ஏறக்குறைய எட்டு இலட்சம் கிலோ. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் எடுப்பது சில கிராம் மட்டுமே. அந்தச் சில கிராம் உங்கள் முழு வயலுக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அள்ளிய இடத்தில் போன போகம் பசளை மூடை வைத்திருந்தால் றிப்போட் அந்த மூடையைத்தான் காட்டும்.

வயலுக்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் தெரிவு செய்யுங்கள். வரம்போரம், வாய்க்கால் வாய், மரநிழல், சூடு அடித்த களம், வைக்கல் எரித்த இடம், மாடு கட்டிய இடம் எல்லாவற்றையும் விடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மேலே கிடக்கும் புல்லையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவில் ஆறு அங்குலம் ஆழமாக வெட்டி அந்த மண்ணை வெளியே போடுங்கள். பிறகு குழியின் ஒரு பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலத் தடிப்பில் சீவி எடுங்கள். மாதிரி என்பது அந்தச் சீவல்தான். மேல் மண் கூடவும் அடி மண் குறையவும் வந்தால் கணக்குப் பிழைக்கும். ஆவணியில் நிலம் பாறை மாதிரி இறுகியிருக்கும், அலவாங்கால் குத்திப் பிளந்த பிறகு சீவலாம்.

எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்ரிக் வாளியில் போட்டு, கட்டியை உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியைத் திரும்பக் கலக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, நிழலில் உலர்த்துங்கள். யூரியா இருந்த பையில் மண்ணைக் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். பலர் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள், மனம் பொறுக்காது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த மண் அந்தப் பையிலேயே கெட்டுவிடும்.

முழங்காவில், கச்சான்: காணியின் ஒரு பாதி சிவப்பு மண், மறுபாதி வெண்மணல். ஒரே மாதிரி போதுமா?

இரண்டு மாதிரி. நிறம், பள்ளம் மேடு, போன பயிர், இவற்றில் எது மாறினாலும் தனி மாதிரி எடுக்க வேண்டும். கச்சானுக்கு இன்னொன்றும் பாருங்கள். கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அல்ல, தானே மண்ணிலிருந்து உறிஞ்சும். மணற்காணியில் கல்சியம் குறைந்தால் செடி செழிப்பாக நிற்கும், கோது உள்ளே வெறுமையாய் இருக்கும். அங்கே பூக்கும் காலத்தில் கல்சியம் தரும் ஜிப்சம் போட்டால் பலன் தெரியும்.

விசுவமடு, மிளகாய்: என் றிப்போட்டில் பீஎச் (மண்ணின் அமில, கார அளவு) 7.4, மின்கடத்துதிறன் (உப்பைக் காட்டும் அளவு) 0.08, பொசுபரசு 52 பிபிஎம், பொட்டாசியம் 95 பிபிஎம், சேதனக் காபன் 0.6 வீதம். இதை வைத்து என்ன செய்வது? வழக்கம்போல ரிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) வாங்கலாமா?

தம்பி, இந்தப் போகம் ரிஎஸ்பி வாங்க வேண்டாம்.

பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் ஏக்கரில் மேல் மண் எட்டு இலட்சம் கிலோ என்றோமே, ஆகவே 1 பிபிஎம் என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ. 52 பிபிஎம் என்றால் 42 கிலோ பொசுபரசு. ஒரு 50 கிலோ ரிஎஸ்பி மூடையில் இருக்கும் பொசுபரசு 10 கிலோ அளவுதான். அதாவது நாலு மூடைக்கு ஈடானது உங்கள் மண்ணிலேயே பயிர் எடுக்கக்கூடிய நிலையில் கிடக்கிறது. ஒரு போக மிளகாய் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும்.

எப்படிச் சேர்ந்தது? பொசுபரசு யூரியா மாதிரிக் கரைந்து ஓடாது, ஆவியாகவும் போகாது. வருடாவருடம் போட்ட ரிஎஸ்பியும் கோழியெருவும் மண்ணோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அது மிதமிஞ்சினால் பயிர் சிங் (நாகச் சத்து) எடுப்பதையும் தடுக்கும். மண் பரிசோதனையை எதைப் போடுவது என்று அறியத்தான் எல்லாரும் செய்கிறார்கள். தோட்டக்காணிகளுக்கு எதை விடலாம் என்று அது சொல்வதுதான் பெரிய இலாபம் என்பது என் உறுதியான எண்ணம்.

பொட்டாசியம் 95 என்பது மிளகாய்க்குக் குறைவு. எம்ஓபியை (பொட்டாசியப் பசளை) குறைக்காதீர்கள், சிபார்சு அளவை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். உப்புப் பிரச்சினை இல்லை, பீஎச்சும் பரவாயில்லை. சேதனக் காபன்தான் கவலை. 0.6 வீதம் என்றால் சேதனப் பொருள் வெறும் ஒரு வீதம். எங்கள் வெயிலுக்கு அது வேகமாக எரிந்துபோகும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை வெட்டிப் போடுங்கள், கூட்டெரு போடுங்கள். கோழியெருவை மட்டும் ஒரு போகம் நிறுத்துங்கள், அதில் பொசுபரசு அதிகம்.

தருமபுரம், நெல்: றிப்போட்டில் நைதரசனே இல்லை. யூரியா எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

வேண்டுமென்றுதான் விடுகிறார்கள். நைதரசன் மண்ணில் நாளுக்கு நாள் மாறும். இன்று எடுத்த அளவு, தண்ணீர் கட்டிய பிறகு நிலைக்காது. நெல்லுக்கு மண்ணைவிட இலை நல்ல சாட்சி. இலை நிற அட்டை என்று ஒன்று உண்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, உங்கள் உடல் நிழலுக்குள் வைத்து, பத்துப் பயிரிலாவது ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிறியிருந்தால் போடுங்கள், கரும்பச்சையாக இருந்தால் பொறுங்கள். ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நிறையத் தண்ணீர் நிற்கும்போது ஒரேயடியாக வீசினால் அதில் பெரும்பங்கு பயிருக்குக் கிடைக்காது.

பூநகரி, மொட்டைக்கறுப்பன் நெல்: கோடையில் வயலில் வெள்ளையாகப் பூக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடவா?

முதலில் சோதியுங்கள் அக்கா, ஜிப்சம் காசு வீணாகலாம். உவர் இரண்டு வகை. மின்கடத்துதிறன் மட்டும் கூடியிருந்தால் அது வெறும் உப்பு. மழைத் தண்ணீரை வரம்பு உயர்த்திப் பிடித்து, நிற்க விட்டு, வடித்துவிடுவதுதான் மருந்து. வடிகால் இல்லாவிட்டால் என்ன போட்டாலும் உப்பு திரும்ப மேலே வரும். பீஎச் 8.5க்கு மேல் போய், மண் ஈரத்தில் களிம்பாகி, காய்ந்தால் கல்லாகிறது என்றால் அது சோடியம். அங்கேதான் ஜிப்சம், அதையும் கழுவித்தான் ஆகவேண்டும்.

இலக்கத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். மண்ணைப் பசையாக்கிப் பிழிந்த சாற்றில் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 தெசிசீமன்ஸ் வந்தால் உவர்நிலம் என்பது பொது அளவு, நெல் 3 அளவிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து அளந்தால் இலக்கம் பல மடங்கு சிறிதாக வரும். எந்த முறை என்று கேட்காமல் ஒருவருடைய இலக்கத்தை மற்றவருடையதோடு ஒப்பிடாதீர்கள். உப்புக்கு மாதிரி எடுக்கும்போது மேல் இரண்டு அங்குலத்தைத் தனியாகவும் அடி மண்ணைத் தனியாகவும் எடுங்கள். கடற்கரைப் பக்கத்துத் துண்டொன்றில் மட்டும் ஏ.ரி. 354 (At 354) விதைத்துப் பார்க்கலாம், உவரைத் தாங்கும் நெல்லினம் அது.

முருங்கன், கறுத்த மண், நெல்: விதைத்து மூன்று கிழமையில் கீழ் இலைகளில் துரு மாதிரிப் புள்ளி. யூரியா போட்டும் பச்சை பிடிக்கவில்லை.

சிங் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். வெடித்துக் கிடக்கும் உங்கள் கறுத்த மண் சுண்ணாம்புச் சத்துக் கூடியது, பீஎச்சும் உயர்வு. அதோடு தண்ணீரும் விடாமல் நின்றால் சிங் பயிருக்குக் கிடைக்காது. ஒரு சில நாள் தண்ணீரை வடித்துப் பாருங்கள். பரிசோதனையில் சிங் கேட்டு வாங்குங்கள், சாதாரண றிப்போட்டில் அது வராது. கேட்பதாக இருந்தால் நாகத்தகட்டு வாளியில் மண் கலக்காதீர்கள், வாளியின் சிங்கே மண்ணில் ஏறிவிடும்.

மல்லாவி, நெல்: 2021இல் பசளை இல்லாமல் பட்ட பாடு போதும். முழுக்கச் சேதனத்துக்கு மாறலாமா?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் வயல்கள் மஞ்சளித்து நின்றதை எல்லாரும் கண்டோம். சேதனப் பசளை பிழையானது அல்ல. மண்ணைத் தயார்செய்யாமல் ஒரே போகத்தில் மாற்றியதுதான் பிழை. இரண்டையும் சேர்த்துப் போங்கள்.

வைக்கலில் தொடங்குங்கள். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு, ஏறக்குறைய ஐந்தில் நாலு, வைக்கலில்தான் இருக்கிறது. ஒரு தொன் வைக்கலில் பதினைந்து கிலோ அளவு. எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும், சாம்பல் ஒரே இடத்தில் குவிந்து முதல் மழையோடு ஓடிவிடும். வெட்டு மெசின் வரிசையாக விட்டுப்போகும் வைக்கலைப் பரப்பி, விதைப்புக்கு மூன்று நாலு கிழமை முன்பே உழுது மடியுங்கள். பட்டி மாடு வைத்திருப்பவர் ஊரில் இருந்தால் இரவில் வயலில் அடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒலுமடு, நெல்லும் உழுந்தும்: எல்லாரும் தொலமைற் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போடுகிறார்கள். நானும் போடவா?

பீஎச் 5.5க்குக் கீழே என்றால் போடுங்கள். எங்கள் செங்கபில மண்ணில் பெரும்பாலும் 6, 7 என்றுதான் வரும், அங்கே வேண்டாம்.

நெடுங்கேணி, மரக்கறி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? எங்கே கொடுப்பது?

நெல்லுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மரக்கறிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதத்தில் எடுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டால் எந்த ஆய்வுகூடம், எவ்வளவு கட்டணம் என்று சொல்வார்கள். கிணற்றில் இறைப்பவர் என்றால் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் சேர்த்துக் கொடுங்கள். பைக்குள் ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு வையுங்கள்: ஊர், காணி அடையாளம், போன பயிர், போடப்போகும் பயிர், போட்ட பசளை. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும்.